கேம் பாஸ் சந்தாவைத் தொடர்வதா, கேம்களை விலைக்கு வாங்குவதா?

மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் கன்சோல் வைத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கேம் பாஸ் என்பது மாதக் கட்டணத்துக்குப் பல கேம்களை விளையாடத் தரும் மைக்ரோசாஃப்ட்டின் சேவை. அதன் அல்டிமேட் சந்தாவின் விலை 2025 அக்டோபரில் ஏறியது. கடந்த ஆண்டு அவர் உருப்படியாக விளையாடியது நான்கு கேம்கள்தான். பள்ளிக்குப் போகும் தம்பியும் அதே கன்சோலில் விளையாடுகிறான். வீட்டில் சாதாரண லேப்டாப் ஒன்றும் உண்டு. சந்தாவை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் கேம்களை வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாமா என்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டு முழுவதும் ஓடும் சந்தாவை நிறுத்துங்கள். தேவைப்படும்போது ஓரிரு மாதம் மட்டும் எடுங்கள். திரும்பத் திரும்ப விளையாடும் கேம்களை விலை கொடுத்து வாங்குங்கள். ஆனால், வாங்கிவிட்டால் என்றைக்கும் நம்முடையது என்ற நம்பிக்கையோடு வாங்காதீர்கள். உங்கள் கன்சோலில் அந்த நம்பிக்கைக்கு இடம் குறைவு. ஒரு கேமை நம்மிடமிருந்து யார், எந்தக் காரணத்தால் எடுத்துக்கொள்ள முடியும் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. மாதத்துக்கு எவ்வளவு என்பது அதற்கு அடுத்ததுதான், ஆனாலும் எளிதானது என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம்.

2017 ஜூனில் கேம் பாஸ் தொடங்கியபோது அமெரிக்காவில் மாதம் 9.99 டாலர், ஆண்டுக்கு ஏறத்தாழ 120 டாலர். அன்று ஒரு பெரிய புதிய கேமின் விலை 60 டாலர். இரண்டு கேம் வாங்கும் பணத்துக்கு ஆண்டு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட கேம்கள் கிடைத்தன. யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாத பேரம் அது. அல்டிமேட் என்ற மேல்நிலைச் சந்தா 2019இல் 14.99 டாலருக்கு வந்தது. 2023இல் 16.99, 2024இல் 19.99, 2025 அக்டோபரில் ஒரே தாவலில் 29.99. அந்த விலையில் ஆண்டுக்கு 360 டாலர். பெரிய கேம்களும் 70 டாலராகிவிட்டன என்றாலும், அந்தப் பணத்தில் ஐந்து புதிய கேம்கள் வாங்கலாம். இந்தியாவில் மைக்ரோசாஃப்ட் டாலர் விலையைவிடக் குறைவாகவே வாங்குகிறது. ஆனால் இங்கும் ஏற்றம் கடுமையாகத்தான் இருந்தது. சோனியும் சளைத்ததல்ல. தன் கன்சோலுக்கான பிளேஸ்டேஷன் பிளஸ் சேவையின் அடிப்படை ஆண்டுச் சந்தாவை 2023 செப்டம்பரில் 59.99 டாலரிலிருந்து 79.99 டாலராக்கியது.

2017இல் கிடைத்ததும் இன்றைய அல்டிமேட்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இன்று இணையத்தில் பிறரோடு சேர்ந்து விளையாடும் வசதி, கிளவுட் வழியாக விளையாடும் வசதி, இஏ நிறுவனத்தின் கேம்கள் அடங்கிய இஏ பிளே, யூபிசாஃப்ட் நிறுவனத்தின் பழைய கேம்கள், ஃபோர்ட்நைட் கேமின் மாதச் சந்தாவான ஃபோர்ட்நைட் க்ரூ எல்லாம் ஒன்றாகக் கட்டித் தரப்படுகின்றன. இவற்றில் எத்தனை உங்களுக்குப் பயன்படுகின்றன என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு நான்கு கேம் விளையாடும் ஒருவருக்கு அந்தக் கட்டில் பாதிக்கு மேல் பிரிக்கப்படாமலேயே கிடக்கும் என்பது என் கணிப்பு.

ஓர் உதாரணத்தோடு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இயங்கும் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு, ஹாலோ நைட்: சில்க்சாங் என்ற கேமை 2025 செப்டம்பர் 4 அன்று வெளியிட்டது. விலை 19.99 டாலர். அன்றே அது கேம் பாஸிலும் வந்தது. அன்றைக்கு அல்டிமேட்டின் ஒரு மாதச் சந்தாவும் 19.99 டாலர்தான். சில்க்சாங் கடினமான கேம். படிப்புக்கு நடுவே ஆடுபவருக்கு முடிக்க மூன்று மாதம் ஆகலாம். விலைக்கு வாங்கியவருக்குச் செலவு 20 டாலரோடு முடிந்தது. அதை மட்டுமே சந்தாவில் ஆடியவர் முதல் மாதம் 20 டாலர், விலை ஏறிய பிறகு மாதத்துக்கு 30 டாலர் என்று கொடுத்திருப்பார். மெதுவாக, ஊன்றி விளையாடுபவர்களைச் சந்தா எப்போதுமே தண்டிக்கிறது. நான்கே கேம் விளையாடினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் குறைபட எதுவும் இல்லை. நல்ல கேமை அப்படித்தான் விளையாட வேண்டும்.

சேமிப்பிடமும் கணக்கில் வர வேண்டும். உங்கள் சீரீஸ் எஸ் 512 ஜிபி மாடலாக இருந்தால் கேம்களுக்குக் கிடைப்பது 364 ஜிபி மட்டுமே. இன்றைய பெரிய கேம்கள் சில 100 ஜிபியைத் தாண்டுகின்றன. சந்தாவில் எத்தனை நூறு கேம்கள் இருந்தாலும் ஒரே நேரத்தில் கன்சோலில் வைத்திருக்க முடிவது கைவிரல்களில் அடங்கும். ஒன்றை அழித்து இன்னொன்றை இறக்குவதற்கு நேரமும் டேட்டாவும் செலவாகின்றன.

இனிப் பெரிய கேள்விக்கு வருகிறேன். சந்தாவுக்கும் வாங்கியதற்கும் உள்ள வேறுபாட்டை ஃபோர்ஸா ஹொரைசன் 4 போலத் தெளிவாகக் காட்டிய கேம் வேறில்லை. பிரிட்டனின் சாலைகளில், மாறும் பருவங்களில் கார் ஓட்டும் கேம். 2018இல் வெளியான நாள் முதலே கேம் பாஸில் இருந்தது. மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஸ்டுடியோவான பிளேகிரவுண்ட் கேம்ஸ் உருவாக்கியது, ஆகவே இது எங்கேயும் போய்விடாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அதில் இருக்கும் கார்களும் பாடல்களும் பிறருடையவை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உரிமம் பெற்றுப் பயன்படுத்தியவை. உரிமக் காலம் முடிந்ததால் 2024 டிசம்பர் 15 அன்று அந்த கேம் எக்ஸ்பாக்ஸின் இணையக் கடையிலிருந்தும் நீக்கப்பட்டது, கேம் பாஸிலிருந்தும் நீக்கப்பட்டது. முன்பே விலைக்கு வாங்கியிருந்தவர்கள் இன்றும் அதைப் பதிவிறக்கி ஓட்டலாம். ஆறு ஆண்டுகள் சந்தாவில் ஓட்டியவர்களுக்குக் கதவு மூடிவிட்டது. இனி புதிதாக வாங்கவும் வழியில்லை. பழைய டிஸ்க் எங்காவது கிடைத்தால் உண்டு, உங்கள் கன்சோலிலோ டிஸ்க் போட இடமே கிடையாது.

அந்த கேமின் கூடுதல் பகுதிகளைக் காசு கொடுத்து வாங்கியிருந்த சந்தாதாரர்கள் சிலருக்கு மைக்ரோசாஃப்ட் கேமையே இலவசமாகக் கொடுத்தது. நல்ல செயல். ஆனால் எல்லா கேமுக்கும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இதிலிருந்து ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: சந்தாவில் ஆடும் கேமுக்குக் கூடுதல் பகுதியை விலைக்கு வாங்காதீர்கள். சந்தா நின்றாலோ, கேம் பட்டியலிலிருந்து விலகினாலோ, நீங்கள் வாங்கிய பகுதி உங்கள் கணக்கில் இருக்கும். திறக்க மட்டும் முடியாது. முதலில் மூல கேமை வாங்குங்கள், பிறகு மற்றதை யோசிக்கலாம்.

இதுவரை சொன்னதை வைத்து வாங்கியவர் எப்போதும் பிழைத்துக்கொள்வார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தி க்ரூ என்ற இன்னொரு கார் கேம் அதற்குச் சாட்சி. யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்டது. தனியாக விளையாடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தால்தான் ஓடும்படி அதைக் கட்டியிருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். முழு விலை கொடுத்து வாங்கியவர், டிஸ்க் வைத்திருந்தவர், தள்ளுபடியில் எடுத்தவர் அனைவருக்கும் ஒரே நாளில் கேம் செத்தது. சில நாள்களில் பலருடைய கணக்குகளிலிருந்து உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள். அலமாரியில் இருக்கும் டிஸ்க்கும் பயனற்றுப்போனது.

இதைப் படிக்கும்போது எனக்கு வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை. ஒரு பொருளை விற்றுவிட்டு, பத்து ஆண்டு கழித்து வந்து அதை உடைத்துவிட்டுப் போகும் உரிமை எந்த விற்பனையாளருக்கும் இருக்கக் கூடாது. நல்லவேளையாக, இப்படி நினைப்பவர்கள் நிறையப் பேர். தி க்ரூ நிறுத்தப்பட்டதையொட்டி ராஸ் ஸ்காட் என்பவர் 2024 ஏப்ரலில் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள் மனுவாக மாறி, 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைக் கடந்தது. சர்வரை நிறுத்துங்கள், ஆனால் கேம் ஏதாவது ஒரு வகையில் ஓடும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் அவர்களின் கோரிக்கை. தி க்ரூ 2 கேமுக்கு இணையமில்லாமல் ஆடும் வசதியை யூபிசாஃப்ட் பின்னர் கொடுத்தது. எதிர்ப்பு எழாமலிருந்தால் அது வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. 2013இலும் இப்படி ஒன்று நடந்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் இணைந்தே ஆக வேண்டும் என்ற விதியோடு எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிவிக்கப்பட்டது; விளையாடுபவர்கள் கொதித்ததால், கன்சோல் கடைக்கு வருவதற்கு முன்பே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது.

ஆக, ஒரு கேமை வாங்கும் முன் பார்க்க வேண்டியது: தனியாக விளையாடவும் இது சர்வரைக் கேட்கிறதா? எக்ஸ்பாக்ஸ் அமைப்புகளில் உங்கள் கன்சோலை வீட்டு எக்ஸ்பாக்ஸாக (Home Xbox) அமைத்துவிட்டு, சந்தாவில் இறக்கிய அந்த கேமை இணையத்தைத் துண்டித்து ஓட்டிப் பாருங்கள். ஓடினால் அந்த கேமுக்குப் பணம் கொடுப்பதில் ஓரளவு நிம்மதி உண்டு. ஓடாவிட்டால், எவ்வளவு பிடித்திருந்தாலும் முழு விலை கொடுக்க வேண்டாம். அப்படிப்பட்ட கேம்களுக்குச் சந்தாவே பொருத்தம். வாங்கியது, சந்தாவில் எடுத்தது இரண்டுமே ஒரு நாள் போகக் கூடியவை என்றால் மலிவான வழியில் போவதே நல்லது.

எக்ஸ்பாக்ஸ் கடையில் வாங்குவதற்கு ஆதரவாகவும் எனக்குச் சொல்ல இருக்கிறது. பழைய கேம்களைப் புதிய கன்சோலில் ஓடவைப்பதில் மைக்ரோசாஃப்ட் காட்டிய அக்கறையை வேறு எந்தக் கன்சோல் நிறுவனமும் காட்டவில்லை. எக்ஸ்பாக்ஸ் 360 என்ற பழைய கன்சோலின் காலத்தில் ஒருவர் டிஜிட்டலாக வாங்கிய நூற்றுக்கணக்கான கேம்கள், மீண்டும் பணம் கேட்காமல், உங்கள் சீரீஸ் எஸ்ஸில் இன்று ஓடும். 360இன் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. ஆனால் புதிய கன்சோலில் ஓடும் பழைய கேம்களை இப்போதும் வாங்கலாம். நிண்டெண்டோ 2023 மார்ச்சில் வீ யூ, 3டிஎஸ் என்ற தன் பழைய கருவிகளுக்கான இணையக் கடைகளை மூடியபோது, அங்கு மட்டுமே விற்ற பல கேம்களை நேர்வழியில் வாங்கவே வழியில்லாமல் போனது. பழைய கேம்களைப் பாதுகாக்கும் அமைப்பான வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் விற்பனையில் இல்லை. சந்தாப் பட்டியல் எவ்வளவு நீளமாகத் தெரிந்தாலும் அதுதான் கேம்களின் உலகம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முழுமையான உடைமைக்கு மிக அருகே உங்களால் போக முடிவது கன்சோலில் அல்ல, லேப்டாப்பில்தான். 2008 முதல் இயங்கும் ஜிஓஜி என்ற தளத்தில் வாங்கும் கேமின் நிறுவல் கோப்பை அப்படியே பதிவிறக்கி, ஒரு ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். பிறகு விளையாடக் கணக்கில் நுழையத் தேவையில்லை, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. நாளை அந்தத் தளமே மூடினாலும் உங்கள் கோப்பு ஓடும். சட்டப்படி அதுவும் உரிமம்தான். நடைமுறையில் யாராலும் வந்து பிடுங்க முடியாத உரிமம். சில்க்சாங், ஸ்டார்டியூ வேலி போன்றவை அங்கே கிடைக்கின்றன. அவற்றுக்குச் சாதாரண லேப்டாப்பே போதும். வாங்கிப் பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் பணம் திரும்பக் கேட்கலாம்.

கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் அதைவிடப் பெரிய கடை, அடிக்கடி நல்ல தள்ளுபடி வரும், ரூபாயில் விலை உண்டு. 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே நீங்கள் பெறுவது உரிமம் என்பதைக் கடையே சொல்லிவிடுகிறது. டிஜிட்டல் பொருளை விற்பவர்கள் இதை மறைக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 2024இல் சட்டம் இயற்றிய பிறகு, பணம் செலுத்தும் இடத்திலேயே ஸ்டீம் அந்த அறிவிப்பை வைத்திருக்கிறது. ஸ்டீம் கணக்கை உயில் எழுதி இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. இருந்தாலும் கடையிலிருந்து நீக்கப்பட்ட கேமை வாங்கியவர்கள் தொடர்ந்து பதிவிறக்க விடுவதில் ஸ்டீம் பொதுவாக நாணயமாக நடந்திருக்கிறது. அன்றாடத்துக்கு அது போதுமானது என்பேன்.

கேம் உருவாக்குபவர்களுக்கு எது நல்லது என்பதையும் நான் இதில் சேர்த்தே பார்க்கிறேன். கேம் பாஸில் சேர்க்கப்படும் கேம்களின் நேரடி விற்பனை அடுத்த 12 மாதங்களில் குறைகிறது என்று மைக்ரோசாஃப்ட்டே பிரிட்டனின் போட்டிச் சட்ட ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. 2023இல் வெளியான ஆவணத்தில் அது பதிவாகியிருக்கிறது. பால்டர்ஸ் கேட் 3 உருவாக்கிய லாரியன் நிறுவனத்தின் தலைவர் ஸ்வென் விங்கே, சந்தாவே முதன்மை வழியாகிவிட்டால் எந்த கேம் சந்தைக்கு வரலாம் என்பதை ஒரு சிலர் தீர்மானிக்கும் நிலை வரும் என்று 2024 ஜனவரியில் எச்சரித்தார். தங்கள் கேம்களைச் சந்தாச் சேவையில் பார்க்க முடியாது என்றும் சொன்னார். ஹை-ஃபை ரஷ் கதை எனக்கு இன்னும் ஆறவில்லை. 2023 ஜனவரியில் அறிவித்த அன்றே கேம் பாஸில் வெளியாகி, எல்லோரும் கொண்டாடிய கேம் அது. மறு ஆண்டு மே மாதம் அதை உருவாக்கிய டாங்கோ கேம்வொர்க்ஸை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பின்னர் கிராஃப்டான் நிறுவனம் அந்தக் குழுவை எடுத்துக்கொண்டதால் தப்பியது. லட்சக்கணக்கானோர் விளையாடினார்கள் என்பது ஒரு ஸ்டுடியோவைக் காப்பாற்றப் போதவில்லை.

மறுபக்கமும் உண்டு. பிரான்ஸின் மான்பெலியே நகரில் ஒரு புதிய குழு உருவாக்கிய கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33, 2025 ஏப்ரலில் முதல் நாளே கேம் பாஸில் வந்தது. அப்படியிருந்தும் மூன்றே நாளில் 10 லட்சம் பிரதிகள் விற்றது. பெயர் தெரியாத குழுவின் முதல் கேமை, காசு போய்விடுமோ என்ற பயமில்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் தொட்டுப் பார்க்கச் சந்தா உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன். சந்தாவின் உண்மையான சிறப்பு இதில்தான் இருக்கிறது. முன்பு நம் ஊர்களில் இருந்த வாடகை நூலகம் போல, பெயரே கேள்விப்படாத ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்க்கும் சுதந்திரத்தை அது தருகிறது.

உங்கள் தம்பியின் வயதுக்கு அந்தச் சுதந்திரம் மிகவும் பொருந்தும். அவனுக்கு இந்த வாரம் பிடித்தது அடுத்த வாரம் பிடிக்காது. அவனுக்காக ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கினால் பாதி வீணாகும். ஆகவே கோடை விடுமுறையில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ சந்தா எடுங்கள். புத்தம் புதிய கேம்கள் வெளியான நாளிலேயே வேண்டும் என்றில்லாவிட்டால் அல்டிமேட் தேவையில்லை. அதற்குக் கீழே உள்ள பிரீமியமே போதும். 2025 அக்டோபர் அறிவிப்பின்படி அதன் அமெரிக்க விலை அன்றைய அல்டிமேட்டில் பாதி, 14.99 டாலர். மைக்ரோசாஃப்ட்டின் சொந்த கேம்கள், கால் ஆஃப் டியூட்டி நீங்கலாக, ஓராண்டுக்குள் அதிலும் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கன்சோலை வீட்டு எக்ஸ்பாக்ஸாக வைத்தால், உங்கள் கணக்கில் உள்ள சந்தாவையும் நீங்கள் வாங்கிய கேம்களையும் தம்பி அவனுடைய கணக்கிலிருந்தே விளையாடலாம்.

சந்தா எடுத்த அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கட்டிய மாதம் முடியும்வரை எல்லாம் வழக்கம்போல் ஓடும். அந்த மாதத்தில் நீங்களும் தம்பியும் எந்த கேமுக்குத் திரும்பத் திரும்பப் போகிறீர்கள் என்று கவனியுங்கள். அதைக் குறித்துவைத்துத் தள்ளுபடி வரும்போது வாங்குங்கள். விளையாடிய இடம் கிளவுடில் அப்படியே இருக்கும், வாங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பட்டியலில் விரைவில் விலகும் கேம்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. பாதியில் நிற்கும் கேம் அங்கே தெரிந்தால் தள்ளுபடிக்குக் காத்திருக்க வேண்டாம், விலை கட்டுப்படியானால் அன்றே வாங்கிவிடுங்கள். கார் கேம்கள் விஷயத்தில் இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருங்கள். ஃபோர்ஸா ஹொரைசன் 4க்கு முந்தைய மூன்றாம் பாகமும் 2020 செப்டம்பரில் இதேபோலத்தான் கடையிலிருந்து போனது.